பெருமந்தத்தை எதிர்கொண்ட அமெரிக்கா: 'நியூ டீல்' திட்டங்கள் யாருக்குக் கைகொடுத்தன, யாரைக் கைவிட்டன?

1933-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் தேதி பிராங்க்ளின் டி. ரூஸ்வெல்ட் அமெரிக்காவின் 32-ஆவது அதிபராகப் பதவியேற்றபோது, அந்நாட்டின் பெரும்பாலான மாகாணங்களில் வங்கிகள் மூடப்பட்டிருந்தன அல்லது மிகக் குறைந்த தொகையை மட்டுமே வழங்கி வந்தன. தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வேலையும் வீடும் இழந்தவர்கள் தகரத்தாலும் பலகையாலும் குடிசைகள் அமைத்து நகரங்களின் ஓரங்களில் வசித்து வந்தனர்.

அன்று தொடங்கி அடுத்த ஆறு ஆண்டுகளில் ரூஸ்வெல்ட் அரசு மேற்கொண்ட நிவாரண, சீர்திருத்த நடவடிக்கைகளின் தொகுப்பே 'நியூ டீல்' என்று அழைக்கப்படுகிறது. 1932-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகத் தேர்வானதை ஏற்று உரையாற்றிய ரூஸ்வெல்ட், நாட்டு மக்களுக்குப் புதிய ஏற்பாடு ஒன்றைத் தருவதாக வாக்களித்தார். அந்த உரையில் இடம்பெற்ற சொல்லே பின்னர் திட்டங்களுக்குப் பெயராக நிலைத்தது.

பொருளாதார நெருக்கடி எங்கு ஏற்பட்டாலும் இத்திட்டங்கள் முன்னுதாரணமாகச் சுட்டிக்காட்டப்படுகின்றன. ஆனால், நியூ டீல் என்ற ஒரே பெயரின்கீழ் இரு வேறு பணிகள் நடைபெற்றன. ஒன்று, அன்றைய பசியைத் தீர்க்கும் நிவாரணம். மற்றொன்று, அதே நிலை மீண்டும் வராமல் தடுக்கும் சீர்திருத்தம். வேலைவாய்ப்பு அளித்த நிவாரண அமைப்புகள் பத்தே ஆண்டுகளில் மூடப்பட்டன. வைப்புக் காப்பீடு, ஓய்வூதியம், பங்குச்சந்தைக் கண்காணிப்பு போன்ற சீர்திருத்தங்கள் இன்றும் செயல்படுகின்றன. எனினும், நிலைத்த அந்தச் சட்டங்கள் யாரைத் தொழிலாளராகக் கருதின என்ற கேள்வி அன்றே எழுந்தது. அதற்கான பதில் லட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்வைத் தீர்மானித்தது.

மந்தம் எப்படி உருவானது?

1929-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்சத்தைத் தொட்டிருந்த டவ் ஜோன்ஸ் குறியீடு, 1932 ஜூலைக்குள் ஏறத்தாழ 90 சதவீதம் மதிப்பை இழந்தது. ஆனால், பங்குச்சந்தைச் சரிவு மட்டுமே மந்தத்துக்குக் காரணம் அல்ல. அதைத் தொடர்ந்து ஏற்பட்ட வங்கிச் சரிவுகளே சாதாரண மக்களை நேரடியாகத் தாக்கின.

1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. அப்போது வைப்புத்தொகைக்குத் தேசிய அளவில் காப்பீடு கிடையாது. வங்கி மூடப்பட்டால் வாழ்நாள் சேமிப்பும் அதனுடன் மறைந்துவிடும் அபாயம் இருந்தது. இதனால், வங்கி நலிவடைந்துள்ளதாக ஒரு வதந்தி கிளம்பினாலே மக்கள் பணத்தை எடுக்க வரிசையில் நின்றனர். வங்கிகள் வைப்புத்தொகையின் பெரும்பகுதியைக் கடனாக வழங்கியிருக்கும் என்பதால், எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் கேட்டால் நல்ல நிலையில் உள்ள வங்கியும் தாக்குப்பிடிக்க இயலாது.

வங்கிகள் மூடப்பட்டதால் கடன் கிடைக்கவில்லை. தொழிற்சாலைகள் உற்பத்தியைக் குறைத்தன. விலைவாசி வீழ்ந்தது. விலை குறைவது நுகர்வோருக்கு நன்மை போலத் தோன்றினாலும், கடன் வாங்கியிருந்த விவசாயிக்கு அது பெரும் சுமையானது. விளைபொருளுக்குப் பாதி விலையே கிடைத்த நிலையில், அடமானக் கடனின் தவணையோ ஒரு காசும் குறையவில்லை. 1929-க்கும் 1933-க்கும் இடையே நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது.

ரூஸ்வெல்ட்டுக்கு முன் அதிபராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் எதுவும் செய்யவில்லை என்று கூற முடியாது. வங்கிகளுக்கும் ரயில்வே நிறுவனங்களுக்கும் கடன் வழங்க 1932-இல் மறுசீரமைப்பு நிதிக் கழகத்தை அவரது அரசு அமைத்தது. ஆனால், வேலையற்றோருக்கு மத்திய அரசு நேரடியாக உதவி வழங்குவதை அவர் ஏற்கவில்லை. அது உள்ளாட்சி அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் செய்ய வேண்டிய பணி என்பது அவரது நிலைப்பாடு. அவற்றின் நிதியோ 1932-க்குள் பல இடங்களில் தீர்ந்துவிட்டிருந்தது.

வங்கிகளுக்கு விடுமுறை

பதவியேற்ற இரண்டாம் நாளே ரூஸ்வெல்ட் நாடு முழுவதும் வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்தார். மார்ச் 6-ஆம் தேதி முதல் எந்த வங்கியும் இயங்கவில்லை. மார்ச் 9-ஆம் தேதி நாடாளுமன்றம் கூடி, அவசர வங்கிச் சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றியது. வங்கிகளின் கணக்குகளை ஆராய்ந்து, உறுதியாக உள்ளவற்றை மட்டும் மீண்டும் திறக்க அனுமதிக்கும் அதிகாரத்தை அரசுக்கு இச்சட்டம் அளித்தது.

மார்ச் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு ரூஸ்வெல்ட் வானொலியில் உரையாற்றினார். வங்கியில் செலுத்தும் பணம் பெட்டகத்தில் பூட்டி வைக்கப்படுவதில்லை, அது கடனாக வெளியே சென்று உழைக்கிறது என்பதை அவர் எளிய சொற்களில் விளக்கினார். திறக்கப்படும் வங்கிகள் பாதுகாப்பானவை என்றும் உறுதி கூறினார்.

மறுநாள் முதல் வங்கிகள் படிப்படியாகத் திறக்கப்பட்டபோது மீண்டும் வரிசைகள் காணப்பட்டன. இம்முறை மக்கள் பணத்தை எடுக்க வரவில்லை, செலுத்த வந்தனர். மார்ச் 15-ஆம் தேதி வர்த்தகம் மீண்டும் தொடங்கியபோது டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 15 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. அக்குறியீட்டின் வரலாற்றில் ஒரு நாளில் பதிவான மிகப்பெரிய சதவீத உயர்வு இதுவே.

நம்பிக்கை திரும்பியது, ஆனால், நம்பிக்கை மட்டும் போதாது என்பதால் சட்டம் தொடர்ந்தது. 1933 ஜூன் 16-ஆம் தேதி கையெழுத்தான வங்கிச் சட்டம், மத்திய வைப்புக் காப்பீட்டுக் கழகத்தை உருவாக்கியது. 1934 ஜனவரி 1 முதல் ஒரு வைப்புதாரருக்கு 2,500 டாலர் வரை காப்பீடு கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் இது 5,000 டாலராக உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வங்கிகள் மூடப்பட்டு வந்த நாட்டில், 1934-இல் காப்பீடு பெற்ற வங்கிகளில் 9 மட்டுமே மூடப்பட்டன.

காப்பீட்டின் பலன் இழப்பீடு வழங்குவதில் மட்டும் இல்லை. பணம் பாதுகாப்பாக இருக்கிறது என்று அறிந்தவர் வதந்தியைக் கேட்டு வங்கிக்கு ஓட வேண்டியதில்லை. யாரும் ஓடாவிட்டால் வங்கி சரிவதற்கான வாய்ப்பும் குறைகிறது.

உதவித்தொகையா, வேலையா?

வங்கிகளைச் சீராக்கியதால் வேலையற்றவரின் வீட்டில் அடுப்பு எரிந்துவிடவில்லை. 1933 மே மாதம் மத்திய அவசர நிவாரண அமைப்பு உருவாக்கப்பட்டு, அதற்கு 50 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. சமூகப் பணியாளராக இருந்த ஹாரி ஹாப்கின்ஸ் அதன் தலைவராக நியமிக்கப்பட்டார். பொறுப்பேற்ற முதல் இரண்டு மணி நேரத்தில் மாகாணங்களுக்கு 50 லட்சம் டாலருக்கும் மேல் அவர் ஒதுக்கீடு செய்தார்.

ஆனால், நேரடி உதவித்தொகை ஹாப்கின்ஸுக்கு நிறைவளிக்கவில்லை. உதவி கோருவோரின் வீட்டுக்குச் சென்று அலமாரியில் என்ன இருக்கிறது, உறவினர் யார் உதவக்கூடும் என்றெல்லாம் அதிகாரிகள் விசாரிக்கும் நடைமுறை அப்போது இருந்தது. அது மக்களின் தன்மானத்தைப் பாதிக்கிறது என்றும், உழைக்கும் திறன் உள்ளவருக்கு வேலையும் கூலியும் தருவதே முறை என்றும் அவர் வாதிட்டார். வேலை தருவதற்கு உதவித்தொகையைவிட அதிகச் செலவாகும். கருவிகள், பொருள்கள், மேற்பார்வையாளர்கள் என அனைத்தும் தேவை. இருந்தும் நியூ டீல் அந்த வழியையே தேர்ந்தெடுத்தது.

முதலில் தொடங்கப்பட்டவற்றுள் ஒன்று இளைஞர் வனப் பாதுகாப்புப் படை. திருமணமாகாத 18 முதல் 25 வயது வரையிலான ஆண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். ராணுவம் நடத்திய முகாம்களில் தங்கி, மரம் நடுதல், மண்ணரிப்பைத் தடுத்தல், பூங்காக்களுக்குப் பாதை அமைத்தல் ஆகிய பணிகளை அவர்கள் செய்தனர். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரடியாகக் குடும்பத்துக்கு அனுப்பப்பட்டது. ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இதில் பணியாற்றினர். சுமார் 300 கோடி மரக்கன்றுகள் நடப்பட்டன.

1933-34 குளிர்காலத்தில் ஹாப்கின்ஸ் தலைமையில் தொடங்கப்பட்ட குடிசார் பணி அமைப்பு, இரண்டே மாதங்களில் சுமார் 40 லட்சம் பேருக்கு வேலை அளித்தது. செலவு கட்டுக்கடங்காமல் போகும் என்ற அச்சத்தால் அது வசந்த காலத்தில் நிறுத்தப்பட்டது. பின்னர் 1935-இல் தொடங்கப்பட்ட பொதுப்பணி முன்னேற்ற அமைப்பு எட்டு ஆண்டுகள் நீடித்து, மொத்தம் 85 லட்சம் பேருக்கு வேலை வழங்கியது.

சாலைகள், பாலங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள், நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையம் ஆகியவை அவர்களின் உழைப்பில் உருவாயின. எழுத்தாளர், ஓவியர், இசைக் கலைஞர், நடிகர் ஆகியோருக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. எழுத்தாளர் பிரிவில் பணியாற்றியவர்கள், முன்பு அடிமைகளாக இருந்து அப்போது முதியவர்களாகிவிட்ட 2,300-க்கும் மேற்பட்டோரின் வாழ்க்கை அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்தனர். அடிமை முறை குறித்த ஆய்வுகளுக்கு அப்பதிவுகள் இன்றும் முக்கிய ஆதாரமாக விளங்குகின்றன.

விமர்சனங்களும் எழுந்தன. மண்வெட்டியில் சாய்ந்து நிற்பவருக்கு மக்களின் வரிப்பணம் கூலியாகத் தரப்படுகிறது என்று எதிர்க்கட்சியினரும் நாளேடுகளும் கேலி செய்தன. உள்ளூர் அரசியல்வாதிகள் வேலையைத் தங்கள் ஆதரவாளர்களுக்கு வழங்குவதாகவும் புகார்கள் வந்தன. பொதுவாக ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே வேலை என்ற விதியால் பெண்களுக்குக் குறைந்த வாய்ப்புகளே கிடைத்தன. உச்சத்தில் இருந்த 1938-இல்கூட இந்த அமைப்பு சுமார் 33 லட்சம் பேருக்கே வேலை அளித்தது; வேலையின்றி இருந்தவர்களோ அதைப்போல் பல மடங்கு.

விளைச்சலைக் குறைக்கப் பணம்

விவசாயத் துறையில் மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கையே கடும் விவாதத்துக்கு உள்ளானது. விளைபொருள் அளவுக்கு மீறிக் குவிவதே விலை வீழ்ச்சிக்குக் காரணம் என்று கருதிய அரசு, 1933 மே மாதம் விவசாயச் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பயிரிடும் பரப்பைக் குறைக்கும் நில உரிமையாளருக்குப் பணம் வழங்குவதே இச்சட்டத்தின் அடிப்படை.

சட்டம் நடைமுறைக்கு வருவதற்குள் பருத்தி விதைக்கப்பட்டுவிட்டது. எனவே, அந்தக் கோடையில் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்திப் பயிர் உழுது அழிக்கப்பட்டது. சுமார் 60 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. நகரங்களில் மக்கள் உணவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் இது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அதன் பின்னர், உபரி உணவுப் பொருள்களை வாங்கி ஏழைகளுக்கு வழங்கும் ஏற்பாட்டை அரசு செய்தது.

விலை உயர்ந்தது, விவசாய வருமானமும் கூடியது. ஆனால், பணம் நில உரிமையாளரின் கைக்கே சென்றது. தென் மாகாணங்களில் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டு வந்த குடும்பங்களுக்கு அதில் உரிய பங்கு வழங்கப்பட வேண்டும் என்ற விதி பல இடங்களில் மதிக்கப்படவில்லை. பயிரிடும் பரப்பு குறைந்ததால் அக்குடும்பங்கள் தேவையற்றவையாகி வெளியேற்றப்பட்டன. இதை எதிர்த்து 1934-இல் ஆர்கன்சா மாகாணத்தில் வெள்ளையினத்தவரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து தெற்கத்திய குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினர்.

டென்னசி பள்ளத்தாக்கில் மின்சாரம்

1933 மே 18-ஆம் தேதி உருவாக்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், ஏழு மாகாணங்களைத் தழுவிய ஒரு நதிப் படுகையின் மேம்பாட்டை ஒரே அரசு அமைப்பிடம் ஒப்படைத்தது. வெள்ளத் தடுப்பு, கப்பல் போக்குவரத்து, மின் உற்பத்தி, மண் வளப் பாதுகாப்பு அனைத்தும் அதன் பொறுப்பு. அன்று அமெரிக்க விவசாயக் குடும்பங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு மட்டுமே மின் இணைப்பு இருந்தது. சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குக் கம்பி இழுப்பது லாபம் தராது என்பதால் தனியார் நிறுவனங்கள் அதில் ஆர்வம் காட்டவில்லை.

1935-இல் அமைக்கப்பட்ட ஊரக மின்மயமாக்கல் அமைப்பு, விவசாயிகளே தொடங்கிய கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் வழங்கியது. 1950-களின் தொடக்கத்துக்குள் பத்தில் ஒன்பது பண்ணைகளை மின்சாரம் எட்டியது.

இந்த வளர்ச்சிக்கு விலையும் தரப்பட்டது. ஆணையத்தின் முதல் அணையான நாரிஸ் அணைக்காக மட்டும் சுமார் 3,000 குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. சொந்த நிலம் வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது; குத்தகைக்குப் பயிரிட்டவர்களுக்கு நிலத்துக்கான இழப்பீடு என்று எதுவும் இல்லை.

இந்தத் திட்டத்தின் தாக்கம் இந்தியாவையும் எட்டியது. 1943-இல் வங்கத்தில் ஏற்பட்ட தாமோதர் நதி வெள்ளத்தைத் தொடர்ந்து, டென்னசி ஆணையத்தின் பொறியாளர் டபிள்யூ.எல். வூர்டுயின் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டார். அவர் தயாரித்த திட்ட அறிக்கையின் அடிப்படையில், 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் நிறுவப்பட்டது.

நீதிமன்றத்துடன் மோதல்

தொழில் துறையில் போட்டியைக் கட்டுப்படுத்தி, ஊதியத்தையும் விலையையும் உயர்த்தும் நோக்கில் 1933-இல் தேசியத் தொழில் மீட்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஒவ்வொரு தொழிலுக்கும் வேலை நேரம், குறைந்தபட்ச ஊதியம், வணிக நடைமுறை ஆகியவற்றை வகுக்கும் விதிமுறைகள் உருவாக்கப்பட்டன. விதிகளை ஏற்ற கடைகள் நீலக் கழுகு சின்னத்தை வாசலில் ஒட்டிக்கொண்டன. விதிகளை வகுப்பதில் பெரிய நிறுவனங்களே ஆதிக்கம் செலுத்தியதால், சிறு வணிகர்கள் அதிருப்தி அடைந்தனர்.

1935 மே 27-ஆம் தேதி, நியூயார்க்கின் கோழி வியாபாரிகள் தொடர்பான வழக்கில், அச்சட்டம் அரசமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1936 ஜனவரியில் விவசாயச் சீரமைப்புச் சட்டமும் செல்லாது என அறிவிக்கப்பட்டது. நியூ டீலின் இரு முக்கியத் தூண்கள் சரிந்தன.

1936 தேர்தலில் பெரும் வெற்றி பெற்ற ரூஸ்வெல்ட், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையை 9-இல் இருந்து அதிகபட்சம் 15 வரை உயர்த்தும் திட்டத்தை 1937 பிப்ரவரியில் முன்வைத்தார். நீதித்துறையின் சுதந்திரத்தில் தலையிடும் முயற்சியாக அது கருதப்பட்டதால், அவரது கட்சியினரே எதிர்த்தனர், திட்டம் தோல்வியடைந்தது. எனினும், அதே ஆண்டு மார்ச்சில் ஒரு மாகாணத்தின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தையும், மே மாதத்தில் ஓய்வூதியச் சட்டத்தையும் உச்ச நீதிமன்றம் செல்லுபடியாகும் என்று ஏற்றது.

ஓய்வூதியமும் தொழிலாளர் உரிமையும்

1935-ஆம் ஆண்டின் கோடையில் நிறைவேறிய இரு சட்டங்களே நியூ டீலின் நீடித்த விளைவுகளாகக் கருதப்படுகின்றன. ஜூலை 5-ஆம் தேதி கையெழுத்தான வாக்னர் சட்டம், சங்கம் அமைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் தொழிலாளர்களுக்கு உள்ள உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. ஆகஸ்ட் 14-ஆம் தேதி கையெழுத்தான சமூகப் பாதுகாப்புச் சட்டம், முதியோர் ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, ஆதரவற்ற குழந்தைகளுக்கான உதவி ஆகியவற்றை ஏற்படுத்தியது.

சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் தொழிலாளர் துறை அமைச்சர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1911-இல் நியூயார்க்கில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஏற்பட்டு 146 பேரைப் பலிகொண்ட தீ விபத்தை நேரில் கண்டவர்.

ஓய்வூதியத்துக்கான நிதி பொது வரியில் இருந்து எடுக்கப்படவில்லை. 1937 ஜனவரி முதல் தொழிலாளியின் ஊதியத்தில் 1 சதவீதமும், அதே அளவு முதலாளியிடமும் வசூலிக்கப்பட்டது. தாங்கள் செலுத்திய பணத்தில் இருந்து பெறும் உரிமை என்று மக்கள் கருதினால், எதிர்காலத்தில் எந்த அரசாலும் அதை எளிதில் ரத்து செய்ய இயலாது என்பதே ரூஸ்வெல்ட்டின் கணக்கு.

முதல் மாதாந்திர ஓய்வூதியக் காசோலை 1940 ஜனவரி 31-ஆம் தேதியிட்டு, வெர்மான்ட் மாகாணத்தைச் சேர்ந்த ஐடா மே புல்லருக்கு வழங்கப்பட்டது. சட்ட அலுவலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற அவருக்குக் கிடைத்த தொகை 22.54 டாலர். மூன்று ஆண்டுகளில் அவர் செலுத்தியிருந்த மொத்தத் தொகை 24.75 டாலர் மட்டுமே. 100 வயது வரை வாழ்ந்த அவர், 22,000 டாலருக்கும் மேல் ஓய்வூதியம் பெற்றார்.

சட்டத்துக்கு வெளியே நின்றவர்கள்

அலுவலகத்தில் பணியாற்றிய ஒருவருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, அதே அலுவலக உரிமையாளரின் வீட்டில் சமைத்தவருக்கோ, வயலில் பருத்தி பறித்தவருக்கோ கிடைக்கவில்லை. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஓய்வூதியத்தில் இருந்து விவசாயத் தொழிலாளர்களும் வீட்டுப் பணியாளர்களும் விலக்கப்பட்டனர். வாக்னர் சட்டத்திலும், 1938-இல் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்த நியாயமான தொழிலாளர் தரச் சட்டத்திலும் இதே விலக்கு தொடர்ந்தது.

இனத்தின் பெயர் சட்டத்தில் எங்கும் இடம்பெறவில்லை. ஆனால், அன்றைய கறுப்பினத் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் இவ்விரு வேலைகளிலேயே இருந்தனர். எண்ணிக்கை அளவில் விலக்கப்பட்டோரில் வெள்ளையினத்தவரே அதிகம் என்றாலும், விகித அளவில் கறுப்பினத்தவர் அடைந்த பாதிப்பு பன்மடங்கு.

இதற்கான காரணம் குறித்து வரலாற்றாளர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. நாடாளுமன்றக் குழுக்களில் செல்வாக்குப் பெற்றிருந்த தென் மாகாண உறுப்பினர்கள், மலிவான உழைப்பை இழக்க விரும்பவில்லை என்பது ஒரு கருத்து. ஆயிரக்கணக்கான வீடுகளிலும் பண்ணைகளிலும் சிறு தொகைகளை வசூலிப்பது நிர்வாக ரீதியில் கடினம் என்று நிதித்துறை கூறியதே காரணம் என்பது மற்றொரு கருத்து. காரணம் எதுவாயினும், விளைவு ஒன்றே: முதுமையில் ஆதரவு அதிகம் தேவைப்பட்டவர்களே வரிசைக்கு வெளியே நின்றனர்.

நிவாரணத் திட்டங்களிலும் பாகுபாடு நிலவியது. வனப் பாதுகாப்புப் படையின் முகாம்கள் இன அடிப்படையில் பிரிக்கப்பட்டன. வீட்டுக் கடன் தவணை செலுத்த முடியாத சுமார் 10 லட்சம் குடும்பங்களின் வீடுகளைக் காப்பாற்றிய வீட்டு உரிமையாளர் கடன் கழகம், நகரப் பகுதிகளைக் கடன் அபாயத்தின் அடிப்படையில் வகைப்படுத்தி வரைபடங்கள் தயாரித்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் அவற்றில் சிவப்பு வண்ணத்தில் குறிக்கப்பட்டன.

மந்தம் தீர்ந்ததா?

1933-இல் சுமார் 25 சதவீதமாக இருந்த வேலையின்மை, 1937-க்குள் சுமார் 14 சதவீதமாகக் குறைந்தது. நிவாரணப் பணிகளில் ஈடுபட்டிருந்தோரும் வேலையற்றோர் என்றே இக்கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளனர். அவர்களை நீக்கினால் விகிதம் மேலும் குறையும்.

மீட்சி உறுதியாகிவிட்டது என்று கருதிய அரசு, 1937-இல் வரவு செலவுத் திட்டத்தைச் சமன்படுத்தும் நோக்கில் செலவைக் குறைத்தது. புதிய ஓய்வூதிய வரி வசூலும் அதே ஆண்டு தொடங்கியது. வங்கிகள் கையிருப்பில் வைத்திருக்க வேண்டிய தொகையை மத்திய வங்கி உயர்த்தியது. மூன்றும் சேர்ந்து மக்களின் கையில் புழங்கிய பணத்தைக் குறைத்தன. விளைவாக, பொருளாதாரம் மீண்டும் சரிந்து, 1938-இல் வேலையின்மை 19 சதவீதமாக உயர்ந்தது. அந்த ஆண்டு வசந்த காலத்தில் அரசு மீண்டும் செலவை அதிகரித்தது.

நியூ டீல் காலத்தில் அரசின் செலவு முன்பைவிட உயர்ந்தாலும், மந்தத்தின் அளவுடன் ஒப்பிட்டால் அது போதுமானதாக இல்லை என்பது பல பொருளியலாளர்களின் கருத்து. தங்கத்துடன் டாலருக்கு இருந்த பிணைப்பைத் தளர்த்தி, ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலையை 20.67 டாலரில் இருந்து 35 டாலராக உயர்த்தியதும், அதனால் பணப்புழக்கம் பெருகியதும் மீட்சிக்கு முக்கியக் காரணம் என்று அவர்களில் சிலர் கருதுகின்றனர். தொழில் விதிமுறைகள் விலையைச் செயற்கையாக உயர்த்தி மீட்சியைத் தாமதப்படுத்தின என்று வாதிடுவோரும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கான ராணுவச் செலவு தொடங்கிய பின்னரே வேலையின்மை முழுமையாக மறைந்தது.

இன்று எஞ்சியிருப்பவை

போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும் நிவாரண அமைப்புகளுக்குத் தேவை இல்லாமல் போனது. வனப் பாதுகாப்புப் படை 1942-இலும், பொதுப்பணி முன்னேற்ற அமைப்பு 1943-இலும் மூடப்பட்டன. அவை கட்டிய பள்ளிகளும் பாலங்களும் எஞ்சின.

சீர்திருத்த அமைப்புகள் தொடர்ந்தன. வைப்புக் காப்பீட்டு வரம்பு தற்போது 2,50,000 டாலர். 1934-இல் அமைக்கப்பட்ட பங்கு பரிவர்த்தனை ஆணையமே இன்றும் அமெரிக்கச் சந்தைகளைக் கண்காணிக்கிறது. வணிக வங்கித் தொழிலையும் முதலீட்டு வங்கித் தொழிலையும் பிரித்து வைத்த 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் மட்டும் 1999-இல் நீக்கப்பட்டன.

இந்தியாவில் வைப்புக் காப்பீடு ஏற்பட்டதற்கும் ஒரு வங்கிச் சரிவே தூண்டுதல். 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டதைத் தொடர்ந்து, 1962 ஜனவரி 1 முதல் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 2020 முதல் அதன் வரம்பு 5 லட்சம் ரூபாயாக உள்ளது.

அமெரிக்காவில் சட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வர நீண்ட காலம் ஆனது. 1950-களில் மேற்கொள்ளப்பட்ட திருத்தங்களால் வீட்டுப் பணியாளர்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் படிப்படியாக ஓய்வூதிய உரிமை கிடைத்தது. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1966-இல் விவசாயத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கும், 1974-இல் வீட்டுப் பணியாளர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. சங்கம் அமைக்கும் உரிமையைப் பாதுகாக்கும் வாக்னர் சட்டத்திலோ, இவ்விரு பிரிவினருக்கான விலக்கு 1935-இல் எழுதப்பட்டவாறே இன்றும் நீடிக்கிறது.